ஆசிரியர் செயலமர்வை வகுப்பறை வரை கொண்டுசெல்வது எப்படி

ஒரு செயலமர்வு நன்றாக நடந்ததா என்பதை அது நடந்த மண்டபத்தில் இருந்துகொண்டு சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து நாள் கழித்து, அதற்கு வந்திருந்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பறைக்குச் சென்று, பின்வரிசையில் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் அமர்ந்து, அந்தப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தால்தான் தெரியும். நுவரெலியா மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு ஆசிரியராகப் பன்னிரண்டு ஆண்டுகளும், அதன் பின்னர், பணியிலுள்ள ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் சேவைக்கால ஆலோசகராக அதற்குச் சற்றுக் குறைவான காலமும் பணியாற்றிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். புதிதாக ஆலோசகர் பொறுப்பை ஏற்பவர்களுக்கும், பாடசாலை மட்டத்தில் வாண்மை விருத்தியைக் கவனிக்கும் பிரதி அதிபர்களுக்கும் பகுதித் தலைவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில், நாம் எதை மாற்ற வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாக்கப்பட்ட தேசிய கல்வி நிறுவகம் மஹரகமவில் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் தயாரிக்கிறது. அங்கே பயிற்சி பெறுபவர்கள் மாகாணத்துக்கும், மாகாணத்தில் பயிற்சி பெறுபவர்கள் வலயத்துக்கும், வலயத்தில் கேட்டவர்கள் தம் பாடசாலைக்கும் அதைக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. மலையுச்சியில் ஊற்றிய தண்ணீர் அடிவாரத்துக்கு வந்து சேர்வதற்குள் பாதி மண்ணுக்குள் போய்விடுவதைப் போல, மேலே பல நாள் செய்துபார்த்துப் புரிந்துகொண்ட ஒரு விடயம் கீழே வரும்போது ஒரு காலைப்பொழுதின் விரிவுரையாகச் சுருங்கிவிடுகிறது. அதிலும் முதலில் காணாமற்போவது செய்துபார்க்கும் பகுதிதான். வரைவிலக்கணங்களும் அம்புக்குறிப் படங்களும் மட்டும் பத்திரமாக வந்து சேர்கின்றன. 2007ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு ஐந்து படிமுறைக் கற்பித்தல் வந்தபோது, பிள்ளைகள் தேடிக் கண்டறிந்து கற்க வேண்டும் என்று எங்களுக்கு மூன்று மணிநேரம் விரிவுரையாற்றினார்கள். எங்களில் ஒருவர்கூட அன்று எதையும் தேடவுமில்லை, கண்டறியவுமில்லை. அந்த ஐந்து படிமுறைகளின் பெயர்களைக் குறிப்பெடுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். அந்த நாளை நினைத்து இன்றும் வருந்துகிறேன், ஏனென்றால் அந்த முறை நல்ல முறை.

ஆகவே நான் வலியுறுத்துவது ஒன்றையே: ஒரு செயலமர்வுக்கு ஒரு சிறு விடயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதை ஆசிரியரின் வகுப்பறை வரை நீங்களே கூடச்சென்று சேர்த்துவிடுங்கள்.

கொப்பிகளில் இருந்து தொடங்குதல்

விடயத்தை அலுவலகத்தில் இருந்துகொண்டு தெரிவுசெய்யாதீர்கள். செயலமர்வுக்கு மூன்று வாரங்களுக்கு முன்னரே நான்கைந்து பாடசாலைகளுக்குச் சென்று, அதிபரினதும் வகுப்பாசிரியரினதும் அனுமதியோடு பிள்ளைகளின் கொப்பிகளைப் பாருங்கள். பெயர் தெரியாதவாறு சில பக்கங்களைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிழைகளை எண்ணுவதற்காக அல்லாமல், ஒரே பிழை எங்கெங்கே திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடுவதற்காகவே பார்க்க வேண்டும்.

எனக்குக் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். 52இலிருந்து 27ஐக் கழிக்கும் கணக்கில், தரம் 3 பிள்ளைகள் பலர் 35 என்று எழுதியிருந்தார்கள். மேலே 2, கீழே 7. இரண்டில் ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 எழுதிவிட்டு, ஐந்தில் இரண்டு போக 3 என்று முடித்திருந்தார்கள். ஒரே வகுப்பில் அல்ல, மூன்று பாடசாலைகளில் இதே விடை. ஆசிரியர்கள் அதன்மேல் சிவப்பு மையால் குறுக்குக்கோடு இட்டு, பக்கத்தில் சரியான விடையையும் எழுதியிருந்தார்கள். அடுத்த பக்கத்தில் அதே பிள்ளை அதே பிழையை மறுபடி செய்திருந்தது. கவனக்குறைவால் வந்த பிழையாக இருந்தால் விடைகள் பலவாறாகச் சிதறியிருக்கும். எல்லோருக்கும் ஒரே விடை வந்தால், அந்தப் பிள்ளைகள் தமக்குத் தாமே ஒரு விதியை உண்டாக்கிக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றுகிறார்கள் என்று பொருள்.

இப்படி ஒரு பக்கம் கையில் கிடைத்துவிட்டால் உங்கள் செயலமர்வின் பாதி வேலை முடிந்துவிட்டது. ஆசிரியர்கள் வந்து அமர்ந்தவுடன் நோக்கங்களை வாசிக்காமல், அந்தப் பக்கத்தின் பிரதியை இருவருக்கு ஒன்றாகக் கொடுத்து, இந்தப் பிள்ளை என்ன நினைத்து இப்படிச் செய்திருக்கும் என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். இருபது ஆண்டுச் சேவையுள்ளவரும் போன மாதம் நியமனம் பெற்றவரும் அந்தக் கேள்விக்கு முன்னால் ஒரே நிலையில் இருப்பார்கள். இதை நான் பெரிதும் மதிக்கிறேன். பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியில் மூன்று ஆண்டு பயின்று வந்தவர், கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றவர், பட்டம் பெற்று நேரடியாக வந்தவர், ஆசிரிய உதவியாளராகக் குறைந்த கொடுப்பனவில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து உள்வாங்கப்பட்டவர் என்று மலையக ஆசிரியர்கள் பல வழிகளில் சேவைக்கு வந்தவர்கள். யாருக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கும் தொனி ஒரு வார்த்தையில் தெரிந்தாலும், பின்வரிசையில் இருப்பவர்கள் அன்று முழுவதும் வாய் திறக்க மாட்டார்கள்.

அந்த ஒரு நாள்

நாளை வகுக்கும்போது வீதியையும் வானத்தையும் சேர்த்தே நினைக்க வேண்டும். பொகவந்தலாவையின் மேல்பிரிவொன்றிலிருந்து அட்டனுக்கு வரும் ஆசிரியை முதலில் தோட்டத்துப் பாதையில் நடந்து, பின்னர் பேருந்து பிடித்து வருகிறார். எட்டு மணிக்குத் தொடக்கம் என்று சுற்றறிக்கையில் எழுதினாலும் ஒன்பது மணிக்கு முன்னர் எல்லோரும் வந்து சேர முடியாது, இரண்டு மணிக்குப் பின்னர் அவர் மனம் திரும்பும் பேருந்தில் இருக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கமும், நவம்பர் முதல் ஜனவரி வரை பதுளை, பசறைப் பக்கமும் மழையும் மண்சரிவும் அதிகம் என்பதால், முக்கியமான அமர்வுகளை அந்த மாதங்களில் வைக்காதீர்கள். தரம் 5 ஆசிரியர்களைப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய வாரங்களில் அழைக்க வேண்டாம். தேநீரும் வடையும் நேரத்துக்கு வர வேண்டும். பசியோடும் ஈரச் செருப்போடும் இருப்பவருக்கு எதையும் கற்பிக்க முடியாது.

கையில் இருப்பது நான்கு, நான்கரை மணிநேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொப்பிப் பக்கத்தைப் பார்த்து முடிந்த பின்னர், அதன் பின்னாலுள்ள கோட்பாட்டை அரை மணிநேரத்துக்குள் சொல்லிவிடலாம். இடப்பெறுமானம் என்றால் என்ன, ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாகப் பிரிக்கும்போது பிள்ளையின் மனதில் என்ன நடக்க வேண்டும் என்பதற்கு அதற்கு மேல் தேவையில்லை. அதன் பின்னர் நீங்களே அந்தப் பாடத்தைக் கற்பித்துக் காட்டுங்கள், ஆசிரியர்கள் பிள்ளைகளாக இருக்கட்டும். பத்துப் பத்தாக இறப்பர் பட்டி போட்டுக் கட்டிய தீக்குச்சிகளை அவர்கள் கையில் கொடுத்து, ஐந்து கட்டுகளையும் இரண்டு தனிக்குச்சிகளையும் மேசையில் வைக்கச் சொல்லி, அதிலிருந்து இருபத்தேழை எடுக்கச் சொல்லுங்கள். கட்டை அவிழ்க்காமல் முடியாது என்பதை விரல்கள் முதலில் கண்டுபிடிக்கும், நாம் இத்தனை காலமும் "கடன் வாங்கு" என்று சொல்லிவந்ததன் பொருள் அப்போது விளங்கும். கடன் என்ற சொல்லே பிள்ளையைக் குழப்புகிறது, வாங்கியதை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லையே என்று ஓர் ஆசிரியை ஒருமுறை கேட்டார். அன்று முதல் நான் அந்தச் சொல்லைக் குறைத்துக்கொண்டு, கட்டைப் பிரித்தல் என்றே சொல்லிவருகிறேன்.

நாளின் மிக நீண்ட பகுதி ஆசிரியர்கள் தாமே செய்துபார்ப்பதாக இருக்க வேண்டும். இதைத்தான் பெரும்பாலான செயலமர்வுகள் நேரமில்லை என்று கைவிடுகின்றன. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி, நம் கலாசாலைகளிலும் வழக்கத்துக்கு வந்த நுண்கற்பித்தல் இதற்கு நன்கு உதவும்: ஐந்து பேர் கொண்ட குழுவில் ஒருவர் ஏழெட்டு நிமிடம் அந்தப் பாடத்தின் ஒரே ஒரு துண்டைக் கற்பிக்கிறார், மற்றவர்கள் பிள்ளைகளாக இருந்து கொப்பியில் கண்ட அதே பிழையை வேண்டுமென்றே செய்கிறார்கள், பின்னர் ஐந்து நிமிடம் பேசுகிறார்கள், பின்னர் அவரே அதை இரண்டாவது முறை செய்கிறார். இரண்டாவது முறை செய்ய விடுவதுதான் இதன் உயிர். முதல் முறையோடு நிறுத்திவிட்டால் அவருக்குக் கிடைப்பது விமர்சனம் மட்டுமே, முன்னேறிய அனுபவம் கிடைப்பதில்லை.

விடயம் எப்போதும் ஒரு பாடப்பகுதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு பழக்கமாகவும் இருக்கலாம். நான் மறுபடி மறுபடி எடுத்துக்கொள்வது கேள்வி கேட்டபின் காத்திருக்கும் பழக்கத்தை. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டபின் சராசரியாக ஒரு விநாடியளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 விநாடி அல்லது அதற்கு மேலாக நீட்டினால் பிள்ளைகளின் விடைகள் நீள்கின்றன, விடை சொல்லாமல் இருப்போர் குறைகிறார்கள் என்றும் காட்டினார். வீட்டில் ஒரு தமிழும் பாடநூலில் இன்னொரு தமிழும் கேட்கும் நம் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கூடுதல் இரண்டு விநாடி இன்னும் அவசியம், ஏனென்றால் விடை தெரிந்திருந்தும் அதைச் சொல்லும் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் பலர். இதைப் பயிற்றுவிக்க ஒரு கைபேசியின் ஒலிப்பதிவே போதும். ஆசிரியர் தன் குரலைத் தானே கேட்டு, கேள்விக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையிலான இடைவெளியை எண்ணினால் நாம் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

கலைந்து போகுமுன், ஒவ்வொருவரும் எந்த வகுப்பில், எந்த நாளில், எந்தப் பாடவேளையில் இதைச் செய்யப்போகிறார் என்று ஒரு தாளில் எழுதித் தரட்டும். 'இனிமேல் செய்வேன்' என்று எழுதினால் திருப்பிக் கொடுத்து, நாளையும் நேரத்தையும் கேளுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் அடுத்த மாதப் பயணத்திட்டம்.

வகுப்பறைக்குச் செல்லுதல்

புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியது இது: கோட்பாட்டைச் சொல்வதாலும், செய்துகாட்டுவதாலும், மண்டபத்துக்குள் பயிற்சி கொடுப்பதாலும் ஆசிரியரின் அறிவும் திறனும் வளர்கின்றன, ஆனால் அந்தத் திறன் வகுப்பறைக்குள் நிலைபெறுவது, பின்னர் ஒருவர் கூட இருந்து துணைசெய்யும்போதுதான். எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. கொழுந்து பறிக்கப் புதிதாகப் போகும் பெண்ணுக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு யாரும் இருந்துவிடுவதில்லை. பழகியவர் ஒருவர் பக்கத்து நிரையில் நின்று, கையைப் பார்த்து, சில நாள் கூடவே பறிக்கிறார்.

செல்லும் நாளை முன்கூட்டியே தெரிவியுங்கள். திடீரென்று போய் நின்றால் அது மேற்பார்வையாகிவிடும், அதன் பின்னர் அந்த ஆசிரியர் உங்களிடம் ஒரு தடுமாற்றத்தையும் சொல்ல மாட்டார். பாடம் தொடங்குமுன் ஐந்து நிமிடம் பேசி, நான் எதைக் கவனிக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். வகுப்புக்குள் ஆசிரியரைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைப் பாருங்கள். மதிப்பீட்டுப் படிவத்தைக் கையில் ஏந்திக்கொண்டு செல்ல வேண்டாம். இரண்டு மூன்று பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, அவர்கள் என்ன செய்தார்கள், என்ன சொன்னார்கள் என்பதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தத் தீக்குச்சிப் பாடத்தை ஒரு சிறிய பாடசாலையில், தரம் 2உம் 3உம் ஒரே அறையில் இருந்த வகுப்பில் பார்த்தேன். பாடம் முடிந்து ஆசிரியையோடு வெளித் திண்ணையில் அமர்ந்தபோது, "டீச்சர், ஜன்னல் பக்கம் இருந்த பையன் கட்டைக் கையில வச்சிக்கிட்டே இருந்தான், அவிழ்க்கவே இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "பார்த்தேன் சேர். அவுத்தா பத்து போயிரும்னு பயப்படுறான்" என்றார். நான் அதை நினைத்துப் பார்த்திருக்கவே இல்லை. அந்தப் பையனுக்குப் பத்து என்பது அந்தக் கட்டுக்குள் இருந்தது, குச்சிகளில் இருக்கவில்லை. "அப்போ முதல்ல அவுத்து, எண்ணி, திரும்பக் கட்டி, அத நாலஞ்சு நாள் விளையாட்டா செய்யணும், கழித்தல் அப்புறம்தான்" என்று அவரே தொடர்ந்தார். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் எந்த மண்டபத்திலும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது. அடுத்த செயலமர்வில் அவர் பெயரைச் சொல்லி, அவரையே அதைச் செய்துகாட்டச் சொன்னேன்.

பாடத்துக்குப் பின்னரான உரையாடலுக்கு எனக்கு ஒரே விதிதான்: கண்டதைச் சொல்லுங்கள், தீர்ப்பைச் சொல்லாதீர்கள், பின்னர் காத்திருங்கள். "நல்லா இருந்தது" என்பதும் தீர்ப்புத்தான். பத்து விடயம் கண்ணில் பட்டாலும், செயலமர்வில் எடுத்துக்கொண்ட அந்த ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுங்கள். மற்ற ஒன்பதையும் உங்கள் குறிப்புக் கொப்பியில் எழுதி வையுங்கள், அடுத்த தவணைக்கு உதவும். ஆசிரியர் உதவி கேட்டால், அடுத்த பாடவேளையில் நீங்களே அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக் காட்டவும் தயாராக இருங்கள். அது சில வேளை சரியாக வராது. வராமற்போனதை இருவரும் சேர்ந்து பேசுவது ஆசிரியருக்குத் தைரியம் தரும்.

ஓர் ஆசிரியரின் நம்பிக்கையை முதலில் மாற்றிவிட்டு, பின்னர் அவர் செயலை மாற்றலாம் என்று நாம் எண்ணுகிறோம். தோமஸ் கஸ்கி என்ற கல்வியியலாளர் 1986இல் இந்த வரிசையைத் திருப்பிப்போட்டார்: ஆசிரியர் புதிய ஒன்றைச் செய்துபார்க்கிறார், தன் பிள்ளைகளிடம் மாற்றத்தைக் காண்கிறார், அதன் பின்னரே அவருடைய நம்பிக்கை மாறுகிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது வராது என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஆயினும் நான் வாதாடுவதில்லை. அடுத்த கிழமை ஒரே ஒரு கணக்கை இந்த முறையில் கொடுத்துப் பார்க்கும்படி கேட்டு, அந்தக் கொப்பிகளைப் பார்க்க நான் வருகிறேன் என்று நாளைக் குறித்துக்கொள்கிறேன். தன் வகுப்புப் பிள்ளை ஒன்று சரியாகச் செய்திருப்பதைக் காட்டும்போது அந்த ஆசிரியரின் முகத்தில் வரும் மாற்றத்தை எந்த விரிவுரையும் கொண்டுவராது.

ஆலோசகர் வர முடியாத இடங்களில்

ஒரு வலயத்தில் ஒரு பாடத்துக்கு ஓரிரு ஆலோசகர்களே இருக்கும்போது எல்லாப் பாடசாலைகளுக்கும் மாதந்தோறும் செல்ல முடியாது. ஜப்பானியப் பாடசாலைகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வழக்கத்திலுள்ள பாட ஆய்வு முறையை இங்கே சிறிய அளவில் செய்யலாம். மூன்று அல்லது நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள், ஒருவர் அதைக் கற்பிக்க மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள், அன்றே அமர்ந்து பேசித் திருத்துகிறார்கள், இன்னொருவர் தன் வகுப்பில் திருத்திய பாடத்தைக் கற்பிக்கிறார். பாடம் எல்லோருக்கும் பொதுவானது என்பதால், கற்பித்தவர் மீது குறை விழுவதில்லை.

ஆறேழு ஆசிரியர்களே உள்ள பாடசாலையில் மூவர் ஒரே வகுப்பில் நின்றால் மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கேள்வி நியாயமானது. அதிபர் ஒரு பாடவேளைக்கு இரண்டு வகுப்புகளைச் சேர்த்துக் கதை வாசித்தால் அந்த 40 நிமிடம் கிடைத்துவிடும். அப்படிச் செய்யும் அதிபர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பாடசாலைகளில் வேலை நடக்கிறது. அதுவும் முடியாவிட்டால், கைபேசியில் பத்து நிமிடப் பாடத்தைப் பதிவுசெய்து, பாடசாலை விட்டபின் 1.30க்கு இருவர் மட்டும் பார்க்கலாம். பிள்ளைகள் தோன்றும் காணொளியை வட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது என்பதை முன்னரே சொல்லிவிடுங்கள்.

பின்னூட்டப் படிவத்தில் மண்டபம், உணவு, வளவாளர் ஆகியவற்றுக்குப் புள்ளி கேட்பதால் எனக்கு ஒன்றும் தெரிந்ததில்லை. ஆறு வாரங்களின் பின்னர், முதலில் கொப்பி பார்த்த அதே பாடசாலைகளுக்குச் சென்று, அதே வகையான ஐந்து கழித்தல் கணக்குகளைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். 35 என்ற விடையைத் தந்த அந்தப் பிழை இன்னும் எத்தனை கொப்பிகளில் வருகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை முதலில் ஆசிரியர்களிடம் காட்டுங்கள், பின்னர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். எண்ணிக்கை குறையாவிட்டால் அதே விடயத்தை மறுபடி எடுத்து, இம்முறை கட்டை அவிழ்த்து எண்ணித் திரும்பக் கட்டுவதிலிருந்து தொடங்குங்கள்.